28 நாள் நோட்டீஸ்: கெடு யாருக்கு, சலுகை யாருக்கு?

ஒரு கடிதம் ஒரு நாள் தாமதமாகப் போனது என்பதற்காகக் கோடிக்கணக்கில் வரவேண்டிய பணம் வராமல் போகலாமா? சர்வதேசக் கட்டுமான ஒப்பந்தங்களில் வேலை பார்க்கும் எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஃபிடிக் ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில் 20.1 என்ற எண்ணுள்ள ஷரத்து, போகலாம் என்கிறது. கூடுதல் பணமோ கூடுதல் அவகாசமோ கேட்க நினைக்கும் ஒப்பந்ததாரர், அதற்கான காரணம் தனக்குத் தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 28 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். தவறினால் அவகாசம் கிடையாது, பணம் கிடையாது. வேலை கொடுத்தவருக்கு அந்த விஷயத்தில் எந்தப் பொறுப்பும் கிடையாது.

ஒப்பந்ததாரர் பக்கம் இருப்பவர் இதை அநியாயம் என்பார். கிளையன்ட் பக்கம் இருப்பவர் ஒழுங்கு என்பார். என் கட்சி வேறு. 28 நாள் என்ற கெடுவில் தவறில்லை. அதைச் சுற்றி இருக்க வேண்டிய மற்றக் கெடுக்களுக்கு உயிர் இல்லாததுதான் தவறு. ஒருவர் நாள் தவறினால் உரிமையே போகிறது. எதிரில் இருப்பவர் நாள் தவறினால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்தச் சமனின்மையைச் சரிசெய்யாமல் நோட்டீஸ் விதியை மட்டும் இறுக்கிப் பிடிப்பதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

ஃபிடிக் என்பது ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு. பெல்ஜியம், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து மூன்று நாட்டுச் சங்கங்களும் சேர்ந்து 1913இல் தொடங்கியது, தலைமையகம் ஜெனீவாவில். இங்கிலாந்தின் சிவில் இன்ஜினீயர்கள் கழக ஒப்பந்தத்தை அடியொற்றி 1957இல் அதன் சிவப்புப் புத்தகம் வந்தது. 1999இல் சிவப்பு, மஞ்சள், வெள்ளி, பச்சை என நான்கு புத்தகங்களாக விரிந்தது. 2017இல் முதல் மூன்றும் புதுப்பிக்கப்பட்டன. டிசைன் கிளையன்ட் கொடுத்தால் சிவப்பு, ஒப்பந்ததாரரே டிசைன் செய்தால் மஞ்சள், முழுதாக முடித்துச் சாவியை ஒப்படைக்கும் வேலைக்கு வெள்ளி. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பானின் ஜைகா போன்றவை கடன் கொடுக்கும் பெரிய வேலைகளில் பெரும்பாலும் இதன் வாசகங்களே ஒப்பந்தமாகின்றன. இலங்கை அரசுப் பணிகளுக்கான மாதிரி ஒப்பந்தங்களும் இதே வார்ப்பில் வந்தவை. துபாயிலும் தோஹாவிலும் குவான்டிட்டி சர்வேயராகவும் பிளானிங் இன்ஜினீயராகவும் இருக்கும் தமிழர்கள் பலருக்கு 20.1 என்ற எண்ணை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏட்டில் எளிதாகத் தெரியும் இந்த விதி சைட்டில் எப்படிச் சிக்கலாகிறது என்று பார்ப்போம். ஒரு பாலத்துக்குப் பைல் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெண்டரோடு கொடுத்த போர்ஹோல் அறிக்கை 18 மீட்டரில் பாறை என்கிறது. ஒரு திங்கள்கிழமை ரிக் 9 மீட்டரிலேயே முட்டி நிற்கிறது. ஆபரேட்டர் சூப்பர்வைசரிடம் சொல்கிறார். சூப்பர்வைசர் டெய்லி ரிப்போர்ட்டில் ‘கடின அடுக்கு, முன்னேற்றம் 0.4 மீ’ என்று எழுதுகிறார். கன்சல்டன்ட்டின் இன்ஸ்பெக்டரும் அதன் கீழே கையெழுத்துப் போடுகிறார். உருட்டுக்கல்லாக இருக்கும், உடைத்துவிடலாம் என்று சிசல் இறக்குகிறார்கள். ஒரு வாரம் போகிறது. அடுத்த பைலிலும் அதே நிலை. மூன்றாவது வாரம் முன்னேற்றக் கூட்டத்தில் பேச்சு வருகிறது. மினிட்ஸில் ஒரு வரி ஏறுகிறது. பிளானிங் இன்ஜினீயர் புரோகிராமை ஓட்டிப் பார்த்து, முடிக்கும் தேதி ஆறு வாரம் தள்ளிப்போகும் என்று சொல்லும்போது முதல் திங்கள்கிழமையிலிருந்து 30 நாள் ஆகிவிட்டது. தலைமை அலுவலகத்தில் வாசகம் திருத்தி நோட்டீஸ் வெளியே போவது 35ஆம் நாள்.

எதிர்பாராத நிலத்தடி நிலைமைக்கு அவகாசமும் செலவும் உண்டு என்று 4.12ஆம் ஷரத்து சொல்கிறது. பாறை இருந்தது உண்மை. அதைக் கிளையன்ட்டின் ஆளே பார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். கேள்வி ஒன்றுதான் மிச்சம்: எந்த நாளிலிருந்து எண்ணுவது?

இதற்கு ஓரளவு பதில் சொன்ன வழக்கு ஜிப்ரால்டரிலிருந்து வந்தது. அங்கே விமான ஓடுபாதைக்கு அடியில் சாலைச் சுரங்கம் கட்ட ஸ்பெயின் நிறுவனமான ஓஎச்எல் 2008 இறுதியில் மஞ்சள் புத்தகத்தின்படி ஒப்பந்தம் போட்டது. இரண்டு ஆண்டில் முடிய வேண்டிய வேலை. இரண்டரை ஆண்டு கடந்தும் கால்வாசிதான் நடந்திருந்தது. 2011 ஜூலையில் ஜிப்ரால்டர் அரசு ஒப்பந்தத்தை முறித்தது. மாசடைந்த மண் உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி ஒப்பந்ததாரர் அவகாசம் கேட்டார். 2014இல் லண்டனில் தீர்ப்பளித்த நீதிபதி அகென்ஹெட், நோட்டீஸ் இல்லாவிட்டால் உரிமை இல்லை என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் விதியை ஒப்பந்ததாரருக்கு எதிராக இறுக்கி வாசிக்கக் காரணமில்லை என்றும் சொன்னார். தாமதம் வரும் என்று தெளிவான நாளிலிருந்தும் எண்ணலாம், தாமதம் உண்மையில் தொடங்கிய நாளிலிருந்தும் எண்ணலாம் என்பது அவர் வாசிப்பு. நோட்டீஸுக்குக் குறிப்பிட்ட வடிவம் தேவையில்லை. எழுத்தில் இருக்க வேண்டும், படிப்பவருக்கு அது ஒரு கிளெய்ம் என்று புரிய வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு தாராளமாக வாசித்தும் அந்த ஒப்பந்ததாரரின் வழக்கு நிற்கவில்லை. அதற்கு நோட்டீஸைத் தாண்டியும் பல காரணங்கள் இருந்தன. நம் பைல் கதையில் 35ஆம் நாள் போன நோட்டீஸ் இந்த வாசிப்பின்படி பிழைக்கலாம்.

அந்தத் தாராளம் ஃபிடிக்கின் கைக்கு வந்தபோது சுருங்கியது. 2017 பதிப்பு நிகழ்வு தெரிந்த நாளிலிருந்தே 28ஐ எண்ணச் சொல்கிறது; தாமதம் தொடங்கிய நாளை அது பேசவில்லை. நோட்டீஸ் என்று தலைப்பிட்டு அனுப்பியதுதான் நோட்டீஸ் என்றும் ஆனது. மினிட்ஸில் ஏறிய வரியை நம்பி இனி யாரும் உட்கார்ந்திருக்க முடியாது.

இந்த விதிக்கு நியாயமே இல்லை என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பைலில் கான்கிரீட் ஊற்றிய பிறகு அந்தப் பாறையை யாரும் பார்க்க முடியாது. எத்தனை மணி நேரம் ரிக் சும்மா நின்றது, எத்தனை சிசல் பல் தேய்ந்தது, எந்தக் கிரேன் வேறு வேலைக்கு மாற்றப்பட்டது என்பதெல்லாம் அன்றன்று எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் சாட்சியம். வேலை முடிந்து இரண்டு ஆண்டு கழித்து, பெட்டி பெட்டியாகக் காகிதத்தை அடுக்கி, மொத்த நஷ்டத்தையும் ஒரே தொகையாக்கிக் கேட்கும் பழைய வழக்கத்தில் எது எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேட்ட தொகை ஊதிப்போயிருக்கும், கொடுத்த தொகை சுருங்கிப்போயிருக்கும், இடையில் வழக்கறிஞர் செலவு ஏறியிருக்கும்.

அதைவிடப் பெரிய நியாயம் ஒன்று உண்டு. முன்கூட்டித் தெரிந்தால் கிளையன்ட்டால் முடிவெடுக்க முடியும். பைல் இடத்தை ஒரு மீட்டர் நகர்த்தலாம். டிசைனை மாற்றிப் பாறையிலேயே உட்கார வைக்கலாம். கூடுதல் போர்ஹோல் போடச் சொல்லலாம். அரசுத் துறையாக இருந்தால் திருத்திய மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கேட்டு நிதித் துறைக்குக் கோப்பு அனுப்பவும் காலம் வேண்டும். தெரியாத செலவுக்கு அவர்களால் பணம் ஒதுக்க முடியாது. இந்த அளவில் 28 நாள் விதி இரு தரப்புக்கும் நல்லது. இந்த விதியைக் கடைப்பிடிக்காத ஒப்பந்ததாரர்களில் பலர் சோம்பலால்தான் கடைப்பிடிப்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இப்போது மறுபக்கம். 1999 புத்தகத்தில் ஒப்பந்ததாரருக்கு 28 நாள் நோட்டீஸ். விவரமான கிளெய்ம் கொடுக்க 42 நாள். அதன் பிறகு ‘இன்ஜினீயர்’ என்ற பதவியில் இருப்பவர் (பெரும்பாலும் கிளையன்ட் அமர்த்திய கன்சல்டன்ட்) 42 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால்? ஒன்றுமில்லை. 3.5ஆம் ஷரத்தின்படி அவர் கொடுக்க வேண்டிய நியாயமான தீர்மானத்துக்கு நாள் கணக்கே இல்லை. வருடக்கணக்கில் மேசையில் கிடந்த கிளெய்ம்கள் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தவை. கிளையன்ட் ஒப்பந்ததாரரிடம் பணம் பிடிக்க நினைத்தால் அவருக்கும் அந்தப் பதிப்பில் 28 நாள் கிடையாது. இயன்ற விரைவில் சொன்னால் போதும் என்றுதான் 2.5ஆம் ஷரத்து விட்டுவைத்தது.

அந்த ஷரத்துக்காவது பல் உண்டு என்று காட்டியது டொபாகோ தீவின் ஸ்கார்பரோ மருத்துவமனை வழக்கு. 2003இல் போட்ட ஒப்பந்தம், நடுவர் மன்றம் வழியாக டிரினிடாட் நீதிமன்றங்களைக் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. நோட்டீஸும் விவரமும் கொடுக்காமல் ஒப்பந்ததாரரின் பணத்தில் கிளையன்ட் கை வைக்க முடியாது என்று 2015இல் பிரிவி கவுன்சில் சொன்னது. பில்லில் கழித்துவிட்டுக் காரணத்தைப் பிறகு சொல்லும் பழக்கம் உள்ள அலுவலகங்கள் அந்தத் தீர்ப்பை இன்னும் வாசிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

2017 பதிப்பு இந்த இடத்தில் நன்றாகத் திருந்தியது, பாராட்ட வேண்டும். 28 நாள் கெடு இரு தரப்புக்கும் பொதுவானது. நோட்டீஸ் தாமதம் என்று இன்ஜினீயர் கருதினால் 14 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நோட்டீஸ் செல்லும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதை எடைபோடவும் இடம் உண்டு. விவரமான கிளெய்முக்கு 84 நாள். பேசி உடன்பட 42 நாள், உடன்படாவிட்டால் தீர்மானிக்க இன்னொரு 42 நாள் என்று இன்ஜினீயருக்கும் கணக்கு வந்தது.

ஆனால் அந்த 42 நாளும் கடந்து இன்ஜினீயர் வாயே திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஒப்பந்ததாரரின் மௌனம் அவர் உரிமையைக் கொல்கிறது. இன்ஜினீயரின் மௌனமும் ஒப்பந்ததாரரின் உரிமையைத்தான் தள்ளுகிறது. அதை எதிர்த்து அடுத்த படி ஏறும் செலவும் உழைப்பும் அவருக்கே. இருவரில் யார் கடமை தவறினாலும் நஷ்டம் ஒருவருக்கே என்றால் அந்த ஏற்பாட்டைச் சமமானது என்று எப்படிச் சொல்வது?

வேறு வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 1993இல் முதல் பதிப்பு கண்ட என்இசி ஒப்பந்தமும் நோட்டீஸுக்குக் கெடு வைக்கிறது; அங்கே எட்டு வாரம். ஆனால் திட்ட மேலாளரே கொடுத்த உத்தரவால் வந்த கூடுதல் வேலைக்கு அந்தக் கெடு பொருந்தாது. தானே உத்தரவு போட்டவருக்கு அதைப் பற்றித் தெரிவிக்கவில்லை என்று சொல்ல அங்கே இடமில்லை. ஒப்பந்ததாரரின் நோட்டீஸுக்குத் திட்ட மேலாளர் உரிய நாளில் பதில் சொல்லாவிட்டால், ஒப்பந்ததாரர் ஒரு நினைவூட்டல் அனுப்புகிறார். அதற்கும் இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். ஒரே சூழலில் ஃபிடிக் மௌனத்தை மறுப்பு என்கிறது, என்இசி மௌனத்தைச் சம்மதம் என்கிறது. என்இசியில் திட்ட மேலாளர்கள் நேரத்துக்குப் பதில் எழுதுவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. அந்த ஒப்பந்தத்துக்கும் குறைகள் உண்டு. காகித வேலை அதில் இன்னும் அதிகம். இந்த ஒரு புள்ளியில் அது ஃபிடிக்கை விட நேர்மையானது.

கிளையன்ட்டே தாமதத்துக்குக் காரணமாக இருந்து, ஒப்பந்ததாரர் நோட்டீஸ் தராமல் போனால் நிலைமை இன்னும் கடினம். டிராயிங் மூன்று மாதம் தாமதம், நோட்டீஸ் போகவில்லை, முடிக்கும் தேதி நகரவில்லை, தாமத அபராதம் பில்லில் பிடிக்கப்படுகிறது. தன் தவறால் வந்த தாமதத்துக்குத் தானே அபராதம் வாங்கலாமா? ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேச நீதிமன்றம் கேமார்க் வழக்கில் 1999இல் கூடாது என்றது. வெம்பிளி விளையாட்டரங்கப் பணியில் எழுந்த மல்டிப்ளெக்ஸ் - ஹனிவெல் வழக்கில் 2007இல் இங்கிலாந்து நீதிபதி ஜாக்சன் அந்தத் தீர்ப்பை ஐயத்தோடு பார்த்தார். நோட்டீஸ் கொடுக்கும் வழி இருந்தும் கொடுக்காதவர் அதைச் சொல்லித் தப்பக் கூடாது என்பது அவர் போக்கு. எனக்குக் கேமார்க் பக்கமே நியாயம் தெரிகிறது. டிராயிங் எப்போது வந்தது என்பதை அதை அனுப்பியவருக்கு யாரும் நோட்டீஸ் போட்டுத் தெரிவிக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கோணம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு 1997இல் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட காலம் கழிந்ததும் ஒருவர் உரிமையை அழித்துவிடும் அல்லது மற்றவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடும் ஷரத்து அந்த அளவுக்குச் செல்லாது என்பது திருத்தத்தின் சாரம். 20.1 அந்த வலையில் விழுகிறதா, அல்லது உரிமை பிறப்பதற்கே நோட்டீஸ் ஒரு முன்நிபந்தனை என்று சொல்லித் தப்புகிறதா என்பது இன்றும் வாதத்துக்குரியது. வளைகுடா நாடுகளின் சிவில் சட்டங்கள் நல்லெண்ணத்தோடு ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்கின்றன. அங்கேயும் இதே வாதம் வேறு உடையில் வருகிறது. சட்டம் காப்பாற்றும் என்று நம்பி நோட்டீஸ் போடாமல் இருப்பது மட்டும் யாருக்கும் நல்லதல்ல. அந்த வாதம் ஜெயிக்க ஆகும் ஆண்டுகளில் நிறுவனம் நொடித்துப்போகும்.

நோட்டீஸ் விதியால் சைட்டின் குணம் மாறுகிறது; இதை ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் போதிய அளவு யோசிப்பதில்லை. உரிமை போய்விடும் என்ற பயத்தில் பெரிய நிறுவனங்கள் எதற்கும் ஒரு நோட்டீஸ் போட்டு வைக்கின்றன. மழை பெய்தால் நோட்டீஸ், லாரி வராவிட்டால் நோட்டீஸ். கன்சல்டன்ட் அலுவலகத்தில் குவியும் கடிதங்களில் உண்மையான எச்சரிக்கை எது, தற்காப்புக்குப் போட்டது எது என்று பிரிக்க ஆள் இல்லை. முன்கூட்டித் தெரிவிக்க வந்த விதி இப்படித்தான் தன் நோக்கத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

சிறிய நிறுவனங்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே கடிதம் என்றால் சண்டை. ‘இதையெல்லாம் எழுத்தில் கொண்டுவராதீங்க, கடைசியில் பார்த்துக்கலாம்’ என்று கன்சல்டன்ட் தரப்பில் ஒருவர் தோளில் கை போட்டுச் சொல்வார். அடுத்த வாரம் ரன்னிங் பில்லில் அவர் கையெழுத்து வேண்டும், இவர் தலையாட்டுவார். கடைசி வரும்போது அந்த மனிதர் வேறு திட்டத்துக்கு மாறிப் போயிருப்பார், கோப்பில் ஒரு வரியும் இருக்காது. சப்-கான்ட்ராக்டர் நிலை இன்னும் மோசம். மேலே உள்ள ஒப்பந்தத்தில் 28 நாள் என்றால் தன் கெடுவைக் காத்துக்கொள்ள முதன்மை ஒப்பந்ததாரர் கீழே 14 அல்லது 7 என்று எழுதுவார். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் அந்தக் காகிதத்தில் கையெழுத்திடும் கம்பி கட்டும் கான்ட்ராக்டருக்கோ பிளம்பிங் கான்ட்ராக்டருக்கோ அப்படி ஒரு கெடு இருப்பதே தெரியாது. இந்த விதியின் முழுச் சுமையும் கடைசியில் இறங்கும் இடம் அதுதான்.

இந்தத் தோளில் கை போடும் பழக்கத்தின் வேர், இன்ஜினீயர் பதவியின் அமைப்பிலேயே இருக்கிறது. அவருக்குச் சம்பளம் கொடுப்பது கிளையன்ட். தீர்மானிக்க வேண்டியது இருவருக்கும் நடுவில் நின்று. 1987 சிவப்புப் புத்தகம் அவர் பாரபட்சமின்றி நடக்க வேண்டும் என்றது. 1999 அவர் கிளையன்ட்டுக்காகச் செயல்படுகிறவர் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தீர்மானம் மட்டும் நியாயமாக இருக்கட்டும் என்றது. 2017இல் தீர்மானம் செய்யும்போது அவர் நடுநிலை வகிக்க வேண்டும், அந்த நேரத்தில் கிளையன்ட்டின் முன்அனுமதி தேவையில்லை என்று எழுதப்பட்டது. எழுதப்பட்டதே தவிர, சிறப்பு நிபந்தனைகள் என்ற பகுதியில் அந்த வரியை அடித்துவிட்டு, கால நீட்டிப்புக்கும் கூடுதல் தொகைக்கும் கிளையன்ட்டின் ஒப்புதல் பெற்றே தீர வேண்டும் என்று சேர்ப்பது பல நாடுகளில் வழக்கம். 28ஐ 14 ஆக்குவதும் அங்கேதான் நடக்கிறது. இதைக் கண்டுதான் ஃபிடிக் 2019இல் ஐந்து பொன்விதிகளை வெளியிட்டது. காலக்கெடுக்கள் நியாயமான அளவில் இருக்க வேண்டும், இடர்ப் பகிர்வைக் குலைக்கக் கூடாது என்பவை அவற்றில் உண்டு. அவற்றை மீறினால் கேட்பார் யாரும் இல்லை.

அரசுத் துறைகளில் இன்ஜினீயரின் பயத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. ஒரு கிளெய்மை ஏற்றுக்கொண்டு ஐந்து கோடி கொடுத்தால் தணிக்கையில் கேள்வி வரும், விஜிலன்ஸ் வரலாம், ஓய்வூதியம் நிற்கலாம். நிராகரித்தால் ஒருவரும் கேட்பதில்லை. நடுவர் மன்றம் அதே ஐந்து கோடியை வட்டியோடு எட்டாக்கிக் கொடுக்கச் சொன்னால் அது மன்றத்தின் உத்தரவு, தனி மனிதரின் கையெழுத்து அல்ல. இந்த அமைப்பில் மௌனமே அவருக்குப் பாதுகாப்பு. இந்திய அரசும் இதை அறியாமல் இல்லை. நடுவர் தீர்ப்பை எதிர்த்து வழக்குப் போட்டாலும் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை வங்கி உத்தரவாதத்தின் பேரில் கொடுக்கச் சொல்லி 2016இல் மத்திய அமைச்சரவைக் குழு முடிவெடுத்தது, ஒப்பந்ததாரர்களின் பணம் முடங்கிக் கிடந்ததால்தான். 2024 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் உள்நாட்டுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் மன்ற ஷரத்தைப் பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறுகளோடு நிறுத்திக்கொள்ள வழிகாட்டியது. அந்த வாசலும் குறுகினால், சைட்டிலேயே தீர்க்கும் ஏற்பாடு இன்னும் அவசியமாகிறது.

அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைத்தான் நாம் வெட்டி எறிகிறோம். வேலை தொடங்கும்போதே ஒருவரோ மூவரோ கொண்ட குழுவை இரு தரப்பும் சேர்ந்து நியமிப்பது, அவர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை சைட்டுக்கு வந்து பார்ப்பது, தகராறு வந்தால் 84 நாளுக்குள் முடிவு சொல்வது. அமெரிக்காவில் கொலராடோவின் ஐசன்ஹோவர் சுரங்கத்தின் இரண்டாவது குழாயை 1975இல் கட்டத் தொடங்கியபோது இந்த முறை வேரூன்றியது. ஹோண்டுராஸின் எல் காஹோன் அணை 1980இல் இதைச் சர்வதேசத் தளத்துக்குக் கொண்டுவந்தது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 3,300 மெகாவாட் எர்தான் நீர்மின் திட்டத்தில் 40 தகராறுகள் குழுவிடம் போயின. ஒன்றுகூட நடுவர் மன்றத்துக்குப் போகவில்லை. 1995 முதல் உலக வங்கி தன் பெரிய ஒப்பந்தங்களில் இதைக் கட்டாயமாக்கியது.

நம் பைல் கதையில் இப்படி ஒரு குழு இருந்தால், பாறையை அது அடுத்த வருகையிலேயே கண்ணால் பார்க்கிறது. டெய்லி ரிப்போர்ட் அவர்கள் கையில் இருக்கிறது. அப்போது நோட்டீஸ் எந்த நாள் போனது என்ற சண்டைக்கு வேலையே குறைந்துவிடுகிறது.

குழு முடிவு சொன்னால் பணம் வருமா என்பது அடுத்த கேள்வி. இந்தோனேசியாவில் எரிவாயுக் குழாய் பதித்த சிஆர்டபிள்யூ கூட்டு நிறுவனத்துக்கு, அந்நாட்டு அரசு எரிவாயு நிறுவனமான பெருசஹான் காஸ் நெகாரா சுமார் 1.73 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டும் என்று 2008 நவம்பரில் குழு சொன்னது. எதிர்த்தரப்பு அதிருப்தி தெரிவித்தது, பணம் கொடுக்கவில்லை. அதிருப்தி தெரிவித்த முடிவை எப்படி அமலாக்குவது என்று 1999 வாசகத்தில் தெளிவு இல்லை. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் ஒப்பந்ததாரருக்கு எதிராகவும், இரண்டாவது நடுவர் மன்றத்துக்குப் பிறகு 2015இல் அவருக்குச் சாதகமாகவும் தீர்ப்பளித்தது. இப்போது கொடு, பிறகு வாதாடு என்ற கொள்கையை நிலைநாட்டவே ஆறரை ஆண்டு. 2017 பதிப்பு அந்த ஓட்டையை அடைத்தது.

கொடுத்துவிட்டால் போயே போய்விடும் என்ற கிளையன்ட்டின் பயத்துக்குப் பதில் பனாமாவில் இருக்கிறது. கால்வாயின் புதிய பூட்டுத் தொட்டிகளைக் கட்டிய, ஐரோப்பிய நிறுவனங்கள் தலைமையிலான கூட்டு நிறுவனம், கான்கிரீட்டுக்கான பசால்ட் கல்லின் தரம் சொன்னபடி இல்லை என்று கேட்டது. குழு 20 கோடி டாலருக்கும் மேல் கொடுக்கச் சொன்னது. கால்வாய் ஆணையம் கொடுத்தது. வேலை முடிந்து 2016 ஜூன் 26இல் புதிய பாதை திறந்தது. 2020இல் சர்வதேச வர்த்தகச் சபையின் நடுவர் மன்றம் அந்த முடிவைப் பெரும்பகுதி புரட்டி, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. குழு தவறலாம். தவறினால் திருத்த வழி இருக்கிறது. இடையில் வேலை ஓடியது என்பதே முக்கியம்.

இங்கிலாந்து 1996இலும் சிங்கப்பூர் 2004இலும் மலேசியா 2012இலும் கட்டுமானத் தகராறுகளுக்கு விரைவுத் தீர்ப்புச் சட்டம் கொண்டுவந்தன. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் எழுதிய குழுதான் நமக்கு ஒரே வழி. ஆனால் கோடிக்கணக்கான ரூபாய் ஒப்பந்தத்தில் குழுவின் மாதக் கட்டணத்தை மிச்சப்படுத்தவென்று, தகராறு வந்த பிறகு நியமித்துக்கொள்ளலாம் என்று ஷரத்தை மாற்றுகிறார்கள். தகராறு வந்த பிறகு இருவரும் ஒரு பெயரிலும் உடன்படுவதில்லை.

டெண்டர் ஆவணம் தயாரிக்கும் அதிகாரிகளிடமும் அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டன்ட்களிடமும் என் வேண்டுகோள் இது. 28 நாளை அப்படியே வையுங்கள், 14 ஆக்காதீர்கள். நீங்களே கொடுத்த உத்தரவுக்கும் நீங்களே தாமதமாக அனுப்பிய டிராயிங்குக்கும் அந்தக் கெடுவை வைக்காதீர்கள். இன்ஜினீயர் நினைவூட்டலுக்குப் பிறகும் பதில் சொல்லாவிட்டால் கிளெய்ம் ஏற்கப்பட்டதாகும் என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி தணிக்கைக்கு முன்னால் அவருக்கும் கவசம், ஏனென்றால் பதில் எழுதுவது அப்போது அவருடைய கடமையாகிவிடும். தகராறுக் குழுவை வேலை தொடங்கிய மாதமே நியமியுங்கள். சைட்டில் இருக்கும் இளம் பொறியாளர்களிடம் சொல்ல வேண்டியது இதைவிடச் சிறியது: ரிக் நின்ற அன்று மாலையே நோட்டீஸ் எழுதுங்கள். இன்று நடைமுறையில் இருக்கும் ஒப்பந்தங்களில் 29ஆம் நாளுக்கு மன்னிப்பு அரிது.